ஆசிரியர்க்கு ஆசிரியர் துணை

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சங்கம் ஒன்றின் விழா மேடையில் நின்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்களை நோக்கியே பேசுவார்கள். படியுங்கள், மேலும் படியுங்கள் என்று சொல்லி அமர்வார்கள். அதுவும் வேண்டியதே. ஆயினும் நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் மாணவரைப் பற்றியது அன்று. அவர்முன் நின்று கற்பிக்கும் ஆசிரியரைப் பற்றியது. அவர் என்ன பட்டம் பெற்றார் என்பது நம் கேள்வியன்று. பட்டம் பெற்று, வேலையில் அமர்ந்து, கரும்பலகைக்கு முன் தனியே நிற்கத் தொடங்கிய பிறகு அவர் யாரிடம் கற்கிறார் என்பதே நம் கேள்வி.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்கள், நம் குடியிருப்புகளிலிருந்து ஆசிரியர்கள் வரவேண்டும் என்று கனவு கண்டார்கள். வந்துவிட்டார்கள். முன்வரிசைகளைப் பார்த்தாலே தெரிகிறது. தூத்துக்குடியிலும் ஒட்டப்பிடாரத்திலும் விளாத்திகுளத்திலும் ஸ்ரீவைகுண்டத்திலும் பணிபுரிகின்ற நம் ஆசிரியர்கள் இங்கே ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் இவ்வாறு ஒன்றாக அமர்வதற்கு ஒரு வெள்ளி விழா வரவேண்டியிருந்தது. திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் சந்தித்துக்கொள்ளுகிறோம். இடமாறுதலைப் பற்றிப் பேசுகிறோம், ஊதியக் குழுவைப் பற்றிப் பேசுகிறோம். "பின்னத்தை எப்படிக் கற்பித்தீர்கள், பிள்ளைகளுக்கு விளங்கிற்றா?" என்று ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரைக் கேட்டதை நாம் எத்தனை முறை செவிமடுத்திருக்கிறோம்?

நம் கடற்கரை முத்துக்குப் பெயர்பெற்ற கடற்கரை. மன்னார் வளைகுடாவின் பார்களில் அரசு நடத்திய பெரிய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. அக்காலத்தில் குளித்தவர்களைக் கண்ட முதியவர்கள் சிலர் இன்றும் நம்மிடையே இருக்கக்கூடும். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு அடியிலிறங்கியவன் ஒருவன். மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் இன்னொருவன். கீழே போனவன் கயிற்றை இழுத்தவுடன் மேலே நிற்பவன் தூக்கிவிட வேண்டும். கயிறு பிடிக்க ஆளின்றி எவரும் இறங்கியதில்லை. நம் ஆசிரியர்களோ அவ்வாறு இறங்குகிறார்கள். ஓர் ஊரின் எல்லையில், இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப்பள்ளியில், ஒருவர் விடுப்பெடுத்த நாளில் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு தவிக்கின்ற ஆசிரியைக்கு அந்தக் கயிற்றின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள்?

பயிற்சிகள் இல்லையா எனில், உண்டு. வானரமுட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் உண்டு. ஒன்றியந்தோறும் வட்டார வள மையமும், அதன்கீழ்க் குறுவள மையங்களும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கிய பிறகு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் பயிற்சி நடந்திருக்கிறது. அவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவை மேலிருந்து கீழே வருபவை. தமிழ்நாடு முழுமைக்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. உப்பளத்துப் பிள்ளை காலையில் ஏன் தூங்கி வழிகிறது என்பது அந்தக் கையேட்டில் இராது. அதை அறிந்தவர், அதே போன்ற பிள்ளைகளை வைத்திருக்கும் இன்னோர் ஆசிரியர்தாம்.

உப்பளத்தையே சற்று எண்ணிப் பாருங்கள். இங்கே முள்ளக்காட்டிலிருந்து வேப்பலோடை வரையில் அளங்கள் விரிந்து கிடக்கின்றன. பருவ காலத்தில் தாயும் தந்தையும் விடியுமுன்னே எழுந்து போய்விடுவார்கள். மூத்த பிள்ளை இளையதைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அழைத்து வரும். மழைக்காலம் வந்தால் வேலை நின்றுவிடும். வீட்டில் கையிருப்பு தீரும். இதே நிலைமை வேதாரணியத்தில் உண்டு, மரக்காணத்தில் உண்டு. மூன்று ஊர்களிலும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மூவரும் ஒரே சிக்கலுக்கு மூன்று விடைகளைத் தனித்தனியே தேடிக் கண்டிருப்பார்கள். ஒருவர் கண்டது மற்றவரை எட்டுவதில்லை. ஒருவர் ஓய்வு பெற்றுப் போனால் அவர் முப்பதாண்டுகள் சேர்த்த அறிவும் மாலையோடும் பொன்னாடையோடும் வீட்டுக்குப் போய்விடுகிறது. பிரிவுபசார விழாவில் அவருடைய நற்குணத்தைப் பாராட்டுகிறோம். அவர் வகுப்பில் என்ன செய்தார் என்று எவரும் எழுதி வைப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உப்பளத் தொழிலாளிக்கு நீரின் அடர்த்தி தெரியும். மிதவைக் கருவியை இட்டு, இத்தனை டிகிரி என்பார். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி; வெயிலில் காய்ந்து காய்ந்து 25 அளவுக்கு ஏறும்போது உப்பு பூக்கத் தொடங்கும்; 30-ஐ நெருங்கினால் எஞ்சிய கசப்பு நீரை வெளியே விட்டுவிடுவார்கள். இல்லையெனில் உப்பின் தரம் கெடும். இந்தத் தந்தையின் பிள்ளைக்கு அடர்த்தி என்னும் பாடம் புத்தகத்திலிருந்து மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது! பாத்தி நீள்சதுரம், அதன் பரப்பளவும் சுற்றளவும் அங்கே கண்முன் கிடக்கின்றன. உப்பு அம்பாரத்தில் கனஅளவு இருக்கிறது. அளத்தைக்கொண்டு ஒரு பாடம் நடத்திய ஆசிரியர், அதை இரண்டு பக்கம் எழுதி வேதாரணியத்து ஆசிரியருக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அவர் அதைத் திருத்துவார், தம் ஊர் அனுபவத்தைச் சேர்ப்பார், திருப்பி அனுப்புவார். ஆசிரியர் கல்வி என்று நாம் சொல்வது இதைத்தான்.

இது புதிய கருத்தன்று. நம் மாவட்டத்துக்கே இது பழைய வழக்கம். 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளிகள் பரவிய காலத்தில், சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர்களும் உபதேசியார்களும் குறிப்பிட்ட நாள்களில் மிஷன் நிலையத்துக்கு நடந்து வந்து கூடுவார்கள். தம் ஊரில் நடந்ததைச் சொல்லுவார்கள், பாடங் கேட்பார்கள், சம்பளம் பெற்றுத் திரும்புவார்கள். சாயர்புரத்தில் ஜி. யு. போப் 1840-களில் நிறுவிய கல்விக்கூடம் இத்தகைய ஆசிரியர்களை உருவாக்கிற்று. அங்கே மேலிருந்தவர் வெள்ளைக்காரப் பாதிரியார், கேட்டுக்கொண்டிருந்தவர் நம்மவர், சாதி வேற்றுமை அந்தக் கூட்டத்திலும் ஒழிந்துவிடவில்லை. அவற்றையெல்லாம் மறந்து பேசவேண்டியதில்லை. ஆனாலும் மைல் கணக்கில் வெயிலில் நடந்து வந்து இன்னோர் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுவோம்.

ஒடுக்கப்பட்ட மக்களின் சொந்த முயற்சிக்கு வருவோம். சென்னையில் 1894-ஆம் ஆண்டு தொடங்கி ஆல்காட் நிறுவிய பஞ்சமர் பள்ளிகளுக்குத் தூண்டுகோலாக நின்றவர்களுள் முதன்மையானவர் பண்டிதர் அயோத்திதாசர். அப்பள்ளிகளில் நம் சேரிப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பித்தார்கள் என்பதை அவற்றின் மேற்பார்வையாளரே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நூலாக எழுதி வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறையைப் பற்றி எழுதுவது அச்சிடத் தக்க பொருள் என்று அன்றைக்கே ஒருவர் கருதியிருக்கிறார்.

அயோத்திதாசரே 1907-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. 1914-இல் அவர் மறையும் வரையில் அது வாரந்தவறாது வந்தது. கோலார் தங்கவயலில் அதைப் படித்தார்கள். பெங்களூரில், இரங்கூனில், தென்னாப்பிரிக்காவில் படித்தார்கள். படித்தவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. வினா எழுதி அனுப்பினார்கள். பண்டிதர் விடை எழுதினார். அந்த விடைக்கு வேறோர் ஊரிலிருந்து மறுமொழி வந்தது. ஒரு பைசா விலையில் கடல் கடந்து நடந்த உரையாடல் அது. சுரங்கத்தின் அடியில் வேலை செய்தவரும், திண்ணையில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவரும் ஒரே தாளில் சந்தித்துக்கொண்டார்கள். அஞ்சல் போய்ச் சேரப் பல நாள் ஆகும். விடை வர வாரங்கள் ஆகும். அவர்கள் காத்திருந்தார்கள்.

இதற்கும் முன்னர், 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கி 1900 வரையில் நடத்தினார். ஒடுக்கப்பட்டோர் இதழ்களின் வரலாறு 1869-இன் 'சூரியோதயம்' வரைக்கும் பின்னோக்கிச் செல்லுகிறது என்று ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம் நூல் எழுதியிருக்கிறார். மயிலை சின்னத்தம்பி ராஜா சட்டமன்றம் புகுமுன் பள்ளி ஆசிரியராக இருந்தவர், பாடநூல்கள் ஆக்கியவர். மராட்டியத்தில் அண்ணல் அம்பேத்கர் 1920-இல் 'மூக்நாயக்', 1927-இல் 'பகிஷ்கிருத பாரத்' எனத் தொடர்ந்து இதழ் நடத்தினார். பணம் இல்லாத நிலையிலும் நம் தலைவர்கள் ஏன் இதழ் இதழாகத் தொடங்கினார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பிரிந்து கிடந்தவர்களை ஒருவர்க்கொருவர் அறிமுகம் செய்ய அவர்களுக்கு வேறு கருவி இல்லை.

இவற்றுள் எது நிலைத்தது, எது மறைந்தது என்பதையும் பாருங்கள். 'பறையன்' இதழின் பெரும்பகுதி நம் கைக்குக் கிட்டவில்லை. 'தமிழன்' கிட்டியது. எவ்வாறு? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய தாள்களைத் தேடித் தேடிச் சேர்த்துப் பாதுகாத்தார்கள். அதனால்தான் 1999-ஆம் ஆண்டில், நமக்கு அண்மையில் உள்ள பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளை வெளியிட முடிந்தது. எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரு மனிதரின் குரல் மீண்டும் கேட்டது. எழுதியதோடு நில்லாமல், எழுதியதைக் காப்பாற்றவும் ஆள் வேண்டும். இதைப் பின்னர் மறுபடியும் சொல்லப் போகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியரும் ஆசிரியரும் எழுத்தால் கூடியதற்கு அயல்நாட்டிலிருந்து ஒரு சான்று காட்ட விரும்புகிறோம். பிரான்சு நாட்டின் தென்பகுதியில், பார்-சூர்-லூ என்னும் மலைச் சிற்றூரில் செலெஸ்தேன் பிரெனே என்றோர் ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம் பட்டவர்; நீண்ட நேரம் உரத்துப் பேச இயலாதவர். பேச முடியாத ஆசிரியர் என்ன செய்வார்? 1924-ஆம் ஆண்டளவில் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வகுப்புக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் கண்டதை எழுதினார்கள். தாமே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரித்தானி கடற்கரையிலுள்ள திரெகுங்க் என்னும் ஊர்ப் பள்ளிக்கு அஞ்சலில் சென்றன. அங்கிருந்த ஆசிரியர் தம் பிள்ளைகளின் எழுத்தை இங்கே அனுப்பினார். மலைநாட்டுப் பிள்ளை கடலைப் பற்றிக் கடற்கரைப் பிள்ளையின் எழுத்தில் படித்தது. இரண்டு ஆசிரியர்களில் தொடங்கியது ஆசிரியர்களின் பெருங் கூட்டுறவாக வளர்ந்து, பல நாடுகளுக்குப் பரவிற்று. அரசாணை எதுவும் அதைத் தொடங்கி வைக்கவில்லை.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். அயோத்திதாசருக்கு வாரங்கள் பிடித்த வேலை நமக்கு ஒரு நொடியில் ஆகிறது. ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. வாட்ஸ்அப் எனும் புலனத்தில் அவர் பத்துக் குழுக்களிலாவது உறுப்பினர். பள்ளிக் குழு, ஒன்றியக் குழு, சங்கக் குழு, உடன் பயின்றோர் குழு என்று அவை பெருகிக் கிடக்கின்றன. கருவி குறைவில்லை. அந்தக் குழுக்களில் வருவது என்ன? சுற்றறிக்கை வருகிறது. "இன்று மாலை 4 மணிக்குள் விவரம் அனுப்புக" என்று வருகிறது. காலை வணக்கம் ரோசாப் பூவோடு வருகிறது. எவர் எழுதியது, எப்போது எழுதியது என்று தெரியாத செய்தி ஒன்று நாற்பது பேரைத் தாண்டி நம்மிடம் வந்து நிற்கிறது. அதையும் நாம் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம். கயிறு இருக்கிறது, அதன் மறுமுனையில் கட்டளையும் பூங்கொத்தும் கட்டியிருக்கின்றன.

நல்ல முயற்சிகள் நடக்கவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதப் பயிற்சி அளிக்கப்பட்டது. தம் ஊரைப் பற்றியும் தம் பாடத்தைப் பற்றியும் பலர் எழுதினார்கள். எழுதியது பொதுவில் நிலைத்து நிற்கிறது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. கைப்பேசியைக் காட்டினால் திக்ஷா தளத்தில் பாடக் காட்சி திறக்கும். ஆசிரியர்கள் தாமே படம்பிடித்து யூடியூபில் ஏற்றிய பாடங்களும் இருக்கின்றன. அவற்றுள் சில மிக நன்றாயிருக்கின்றன. என்றாலும் காட்சிப் பாடத்தில் ஒரு குறை உண்டு. அங்கே எல்லாம் வெற்றியாகவே முடிகிறது. கேள்வி கேட்டவுடன் பிள்ளை சரியான விடை சொல்லிவிடுகிறது. மெய்யான வகுப்பில் அவ்வாறு நடப்பதில்லை என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் அறிவார்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் விழித்தார்கள், எந்த எடுத்துக்காட்டு பயன்படவில்லை, மறுநாள் எதை மாற்றினார் என்று எழுதுகின்ற ஆசிரியரே நமக்குத் தேவை.

கொரோனாக் காலம் நமக்கு ஒன்றைக் காட்டிச் சென்றது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேல்! இணைய வழியில் பாடம் நடக்கிறது என்றார்கள். நம் வீடுகளில் கைப்பேசி ஒன்றே இருந்தது. அதுவும் தந்தையோடு துறைமுகத்துக்கோ அளத்துக்கோ போய்விட்டது. அப்போது வேப்பமரத்தடியிலும் கோயில் முற்றத்திலும் பிள்ளைகளை இருத்திப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் தமிழ்நாடெங்கும் இருந்தார்கள். நம் இளைஞர்களும், படித்த பெண்களும் அதில் பங்குகொண்டார்கள். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தபோது அவ்வாறு பழகியவர்களே முன்வந்து நின்றார்கள். அந்நாள்களில் என்ன செய்தோம், மறந்துபோன எழுத்தைப் பிள்ளைக்கு மீட்டுக் கொடுத்தது எவ்வாறு என்பதை எழுதி வைத்தவர் எத்தனை பேர்? இன்னொரு முறை அவ்வாறு ஒரு காலம் வந்தால், மறுபடி முதலிலிருந்தே தொடங்குவோம்.

இனிப் பேசப் போவது இவ்வுரையில் நமக்கு மிகவும் முக்கியமானது. இளைஞர்கள் சற்று உற்றுக் கேட்கவேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை யாவரும் அறிவோம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் உடன் பயின்றோரின் சாதிக் கொடுமையால் பள்ளிக்கு வராமல் நின்றான். காரணத்தைப் பள்ளியில் சொன்னான். அதன்பின் தன் வீட்டிலேயே வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். 2025 மார்ச்சில் நம் மாவட்டத்திலேயே, ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பதினோராம் வகுப்பு மாணவன் வழிமறித்துத் தாக்கப்பட்டான். அவன் கைவிரல்கள் துண்டிக்கப்பட்டன. நாங்குநேரிக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது என்பன போன்ற பரிந்துரைகள் அதில் உள்ளன. மாணவரிடையே சாதிப் பெருமையைச் சமூக ஊடகம் எவ்வாறு ஊதி வளர்க்கிறது என்பதும் பேசப்பட்டது. அரிவாளைத் தூக்கிக்கொண்டு, பின்னணியில் பாட்டு ஒலிக்க, அரை நிமிடக் காட்சி எடுத்துப் போடுகிறவன் நம் வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை. அவர்கள் அந்தக் கருவியால் ஒன்றுகூடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நாம் அதே கருவியைக் கையில் வைத்துக்கொண்டு காலை வணக்கம் அனுப்புகிறோம்.

இப்போது ஆசிரியரின் இடத்தில் நின்று பாருங்கள். பிள்ளை அழுதுகொண்டு வந்து, "என்னைச் சாதி சொல்லித் திட்டுகிறார்கள், பையைத் தூக்கச் சொல்லுகிறார்கள்" என்று முறையிடுகிறது. ஆசிரியர் என்ன செய்யவேண்டும்? உடனே இரு தரப்பையும் அழைத்து விசாரித்தால், முறையிட்ட பிள்ளைக்கு மாலையில் வழியில் என்ன நேரும்? விசாரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? பெற்றோரை எப்போது அழைப்பது, தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுப்பதா, வாயால் சொல்வதா, பிள்ளை வீடு சேரும் வரை யார் துணை போவது? பயிற்சிக் கல்லூரியில் இதற்கு ஒரு தாள் இல்லை. இதை ஒருமுறை சரியாகக் கையாண்ட ஆசிரியர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். மிரட்டலுக்கு அஞ்சாமல், பிள்ளைகளின் படிப்பும் கெடாமல், இரு சாதிப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்தது பக்கத்து ஒன்றியத்துக்குத் தெரியாது. அது தெரிந்திருந்தால், அடுத்த ஊரில் ஒரு பிள்ளையின் கை காப்பாற்றப்பட்டிருக்கலாம். ஆசிரியர்கள் தொழிலைப் பற்றிப் பேசிக்கொள்ளவேண்டும் என்று நாம் இத்துணை நேரம் மன்றாடுவது இதற்காகத்தான்.

அலுவலகக் குழுவில் இதைப் பேச இயலாது என்பீர்கள். உண்மை. அங்கே மேலதிகாரி இருக்கிறார். பேச்சு எங்கே போகும் என்ற அச்சம் இருக்கிறது. 1973-ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர் நடத்தை விதிகளை எவரும் மறக்கவேண்டாம். ஆனால் அரசைக் குறைகூறி எழுதுவது வேறு. தம் வகுப்பில் பின்னம் கற்பித்ததை எழுதுவது வேறு. முறையிட்ட பிள்ளையை எவ்வாறு காத்தோம் என்று பெயரும் ஊரும் நீக்கி எழுதுவது வேறு. பின்னிரண்டிற்கும் அஞ்சவேண்டியதில்லை. அதற்கு, அதிகாரி இல்லாத, ஆசிரியர் மட்டுமே கூடுகிற ஒரு சிறு வட்டம் வேண்டும். இருபது பேர் போதும். இருநூறு பேர் சேர்ந்தால் அது சந்தையாகிவிடும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கையும் உண்டு. பிள்ளைகளின் படத்தைப் போடாதீர்கள். நன்கொடையாக வந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கும்போது, கிழிந்த சட்டையோடு கைநீட்டி நிற்கும் பிள்ளையைப் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற பழக்கம் பரவியிருக்கிறது. நம் சங்கத்தின் பழைய மலர்களிலும் அத்தகைய படங்கள் உண்டு, இனி வேண்டாம். அந்தப் பிள்ளை நாளை பொறியாளராகவோ ஆசிரியையாகவோ ஆகும். அந்தப் படம் எங்கோ கிடந்து அதைத் தொடரும். இந்தச் சேரிப் பிள்ளை என்று அடையாளம் காட்டித் தாக்குவதற்கும் படம் உதவும் என்பதை மறவாதீர்கள். வகுப்பைப் பற்றி எழுதப் பிள்ளையின் முகம் தேவையில்லை. பலகையைப் படம் எடுங்கள். மண்ணில் வரைந்த பாத்தியைப் படம் எடுங்கள்.

இனிச் செயலுக்கு வருவோம். நிர்வாகக் குழுவினர் முன் நாம் வைக்கும் கோரிக்கை மிகச் சிறியது, பெருஞ்செலவு பிடிக்காதது. மாதம் ஒருமுறை, ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு பக்கம். அந்த மாதம் வகுப்பில் செய்த ஒன்றைப் பற்றி, நடந்தது நடந்தபடியே எழுதவேண்டும். தட்டச்சு தெரியாதவர்கள் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் அதைக் கேட்டு எழுத்தாக்கித் தருவார்கள். பேச்சுத் தமிழில் இருந்தால் அவ்வாறே இருக்கட்டும். திருத்தி மெருகிடும் ஆசை வேண்டாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்களை விட்டுவிடாதீர்கள். முத்தையாபுரத்திலும் ஆறுமுகநேரியிலும் அவர்கள் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். கேட்பாரற்றுப் போன செல்வம் அது. படிக்கிறவர்களும் சும்மா இருத்தல் கூடாது. வந்த பக்கத்துக்கு ஒரு கேள்வியாவது எழுதவேண்டும். கைகுவித்த படத்தை அனுப்பிவிட்டுப் போவது மறுமொழி ஆகாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சேர்ந்த பக்கங்களைத் தாளில் அச்சிட்டுச் சங்க நூலகத்தில் கட்டி வைக்கவேண்டும். கைப்பேசியில் இருப்பது கைப்பேசியோடு போய்விடும். குழுவைத் தொடங்கியவர் விலகினால் குழு கலைந்துவிடும். நிறுவனம் ஒன்று கடையை மூடினால் பத்தாண்டு எழுத்தும் ஒரே நாளில் மறையும். 'பறையன்' தாள்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர வேண்டாம். நூலகத்தில் ஒன்று, வேறிடத்தில் ஒன்று என இரண்டு படிகள் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் அளவேலை இல்லாத ஒரு சனிக்கிழமை, எழுதியவர்கள் எல்லாரும் இங்கே நேரில் கூடவேண்டும். முகம் பார்க்காத நட்பு நெடுநாள் தாங்காது என்பது நம் அனுபவம். அன்று பெற்றோர்களும் வரட்டும். உப்பளத்து அப்பா ஒருவர் டிகிரி பார்ப்பது எவ்வாறு என்று ஆசிரியர்களுக்குக் காட்டட்டும். வேதாரணியத்து ஆசிரியர் ஒருவரையாவது அன்று அழைத்து வரும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்ளுகிறோம்.

வாயிலில் கோடு போட்ட குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறது. உணவுக்குப் போகுமுன், ஆசிரியர்கள் தம் பெயரையும், கற்பிக்கும் வகுப்பையும், இந்த ஆண்டில் பிள்ளைகளுக்கு விளங்காமற்போன ஒரு பாடத்தின் பெயரையும் அதில் எழுதுங்கள். முதல் மாதப் பக்கம் அந்தப் பாடத்தைப் பற்றியே இருக்கட்டும். கல்லூரி மாணவர்களில் எழுத்தாக்க முன்வருவோர் கடைசித் தாளில் பெயர் எழுதலாம்.